ஸ்பேர்காரர் எடுத்த முழு பேக்கப்

ஸ்பேர்காரர் என்ற பெயரை யார் வைத்தது என்று அவருக்கே நினைவில்லை. லிஃப்ட் கம்பெனியில் பராமரிப்பு மெக்கானிக்காகச் சேர்ந்த புதிதில் யாரோ கேலிக்குச் சொன்னது, ஒட்டிக்கொண்டுவிட்டது. கேலியாக இருந்தாலும் பொய்யில்லை. அவருடைய பையில் எதைத் தேடினாலும் இரண்டு கிடைக்கும். இரண்டு டெஸ்டர், இரண்டு டார்ச், இரண்டு மூக்குக் கண்ணாடி. மழை வரும்போல் இருந்தால் இரண்டு குடை எடுத்துப்போவார். யாருக்காவது இரவல் கொடுக்கும் நல்ல எண்ணமெல்லாம் கிடையாது. ஒன்று மக்கர் பண்ணினால் இன்னொன்று வேண்டுமே என்ற பயம்தான். கூட வேலை செய்கிறவர்கள், "எல்லாம் ரெண்டு ரெண்டா வெச்சிருக்கீங்களே அண்ணே, அண்ணி மட்டும் ஏன் ஒண்ணு?" என்று வம்புக்கு இழுப்பார்கள். அவரும் சிரித்துவைப்பார்.

அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை, தொழில் அப்படி. ஒரு லிஃப்ட்டின் எடையைத் தாங்க ஒரு கம்பிக்கயிறே போதும். ஆனாலும் நாலைந்து கயிறு போட்டுத்தான் தொங்கவிடுவார்கள். அத்தனையும் அறுந்துபோனாலும் பெட்டியைக் கவ்விப் பிடிக்க ஒரு பிரேக். அதையும் மீறி விழுந்தால் தாங்கிக்கொள்ள அடிக்குழியில் ஸ்பிரிங். நாள் தவறாமல் அந்தக் குழிக்குள் இறங்கி ஏறுகிற மனிதருக்கு, உலகமே எந்த நேரமும் அறுந்து விழக் காத்திருப்பதுபோல் தோன்றினால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அப்படிப்பட்டவரின் கையாலேயே அது அறுந்துபோனதுதான் வயிற்றெரிச்சல்.

வீட்டில் இருந்த கம்ப்யூட்டர் மகளுடையது. படிக்கிற காலத்தில் அவள்தான் அதில் லினக்ஸ் போட்டாள். வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனபோது தனக்குப் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டு, பழையதை அப்பா தலையில் கட்டிவிட்டுப் போனாள். அவருக்கோ அது ரொம்பவே பிடித்துப்போயிற்று. காசு கேட்காத சிஸ்டம் என்பதற்காக அல்ல. உள்ளே என்ன ஓடுகிறது என்று யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், வேண்டாததைக் கழற்றிப் போடலாம் என்று மகள் சொன்னாளே, அதற்காக. சீல் வைத்து மூடிய பெட்டி என்றாலே மெக்கானிக்குக்கு ஆகாது. மகளிடம் போனில் கேட்டுக் கேட்டு, கறுப்புத் திரையில் நாலு கட்டளை அடிக்கும் அளவுக்குத் தேறினார். தேறிவிட்டதாக அவரே முடிவும் செய்துகொண்டார்.

அதில் முதல் காரியமாக அவர் கற்றுக்கொண்டது பேக்கப் எடுப்பதை. அதற்கென்று ஒரு மென்பொருள் இருந்தது. வெளியிலிருந்து மாட்டும் ஹார்டு டிஸ்க்கில் சிஸ்டத்தை அப்படியே நகல் எடுத்து வைத்துக்கொள்ளும். பின்னால் எது கெட்டாலும், நகல் எடுத்த அந்த நாளுக்கே கம்ப்யூட்டரைத் திருப்பிக்கொண்டு போய்விடும். சிஸ்டத்தை மட்டும் இதில் எடுங்கள், சொந்த ஃபைல்களைத் தனியாக வேறு இடத்தில் காப்பி செய்துகொள்ளுங்கள் என்று அந்த மென்பொருளே ஆலோசனை சொன்னது. நம் ஆள் கேட்பாரா? "முழு பேக்கப்னா முழுசா இருக்கணும். அதுல என்ன பாதி?" என்று முணுமுணுத்துக்கொண்டு, சொந்த ஃபைல்களையும் சேர்க்கச் சொல்லும் கட்டத்தில் ஒரு டிக் போட்டார். இந்தக் கதையில் வேறு எதை மறந்தாலும் அந்த டிக்கை மறக்க வேண்டாம்.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் வீட்டில் பேக்கப். துணி அலமாரியில் பழைய டவலில் சுற்றி வைத்திருக்கும் டிஸ்க்கைக் கைக்குழந்தை மாதிரி தூக்கிவந்து மாட்டுவார். அது சூடேறி, ர்ர்ர் என்று இழுத்துக்கொண்டு கிடக்கும். முதலில் சிஸ்டம் முழுக்கப் போய், கடைசியில்தான் வீட்டாருடைய ஃபைல்களுக்கு வரும். அதுவரை யாரும் பக்கத்தில் வரக்கூடாது. முடிந்ததும் டவலில் சுற்றிக்கொண்டே, "இனிமே வீடே எரிஞ்சாலும் கவலையில்ல, எல்லாம் இதுல இருக்கு" என்பார். வாராவாரம் அதே வசனம். வீடு எரிந்தால் டவல் மட்டும் எரியாமல் இருக்குமா என்று மனைவி கேட்பாள். அவர் அலமாரியைச் சாத்துவார்.

அவருக்கு உள்ளுக்குள் ஒரு குறை உண்டு. இத்தனை பேக்கப் எடுத்தும், ஒன்றையாவது திருப்பிப் போட்டுக் காட்டும் சந்தர்ப்பம் வாய்க்கவே இல்லை. பாழாய்ப்போன கம்ப்யூட்டர் கெட்டுத் தொலைந்தால்தானே. மகள் லீவில் வரும்போதெல்லாம் அவருடைய டவலைப் பார்த்துச் சிரிப்பாள். ஒரு நாள் தெரியும் உங்களுக்கு என்று அவர் மனதுக்குள் கறுவிக்கொள்வார்.

மனைவியைப் பற்றிச் சொல்லவேண்டும். நாலு மாடித் துணிக்கடை ஒன்றில் அவளுக்கு மைக்கில் பேசுகிற வேலை. காணாமல் போன குழந்தை, வழிமறித்து நிற்கும் கார், அளவு பார்க்கும் அறையில் மறந்துவிட்டுப் போன கைப்பை, எல்லாம் அவள் வாய் வழியாகத்தான் கடைக்குத் தெரியவரும். எழுதிக் கொடுத்ததை அப்படியே படிக்கிற ஆள் இல்லை அவள். "நீலச் சட்டை போட்ட ஒரு தம்பி கீழ நின்னு அழுதுக்கிட்டு இருக்கார். பெத்தவங்க எந்த மாடியில இருந்தாலும் துணியக் கீழ வெச்சிட்டு வந்து சேருங்க, துணி எங்கயும் போயிடாது" என்பாள். மேனேஜர் முகத்தைச் சுளிப்பார். வாங்க வந்தவர்கள் சிரிப்பார்கள், மேனேஜரும் விட்டுவிடுவார்.

வீட்டிலும் மைக் இல்லாத குறைதான். ஸ்பேர்காரர் வாயே திறக்கமாட்டார், அவருக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள். வாடகை வாங்க வரும் வீட்டுக்காரரிடம் குழாய் ஒழுகுவதைப் பற்றிச் சண்டை போடுவது, அவருடைய கம்பெனிக்கு லீவு சொல்வது, அவருடைய அண்ணனுக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்வது எல்லாமே அவள்தான். கல்யாணமான நாளிலிருந்து அவர் தன் வாயை அவளிடம் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக இருந்தார் என்றே சொல்லலாம்.

அந்தக் குரலில்தான் கை வைத்தது நோய். முதலில் வெறும் கரகரப்பு. மைக் பிடித்துப் பிடித்துத் தொண்டை கட்டிவிட்டது என்று அவளே மருந்து வாங்கிச் சாப்பிட்டாள். பிறகு ஒரு டாக்டர், இன்னொரு டாக்டர், உள்ளே குழாய் விட்டு ஒரு சோதனை. கடைசியில் பெரிய டாக்டர் சுற்றி வளைக்காமல் சொன்னார். குரல்வளையில் புற்று. அதை எடுத்தாக வேண்டும், எடுத்தால் உயிருக்குப் பயமில்லை, ஆனால் அப்புறம் பேச்சு வராது. வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் அவள் வாய் ஓயவே இல்லை. முன் சீட்டுக்காரியிடம், கண்டக்டரிடம், ஜன்னலுக்கு வெளியே போகிற சைக்கிள்காரனிடம்கூடப் பேசினாள். அவர் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், வேறு ஒன்றும் செய்யத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண்தான் அந்த வழியைச் சொன்னாள். அறுவைக்கு முன்னாலேயே சில நூறு வாக்கியங்களைச் சொந்தக் குரலில் படித்துப் பதிவு செய்து வைத்துக்கொண்டால், அதிலிருந்து ஒரு குரலை உருவாக்கலாம். பின்னால் எதை டைப் செய்தாலும் மெஷின் அவளுடைய குரலிலேயே சொல்லும். ஆனால் பதிவு சுத்தமாக இருக்கவேண்டும், பின்னால் வேறு எந்தச் சத்தமும் விழக்கூடாது. எல்லாவற்றையும் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே பதிவு செய்து, புண் ஆறியதும் பென்டிரைவில் கொண்டுவாருங்கள் என்றாள். ஸ்பேர்காரருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. குரலுக்கு ஸ்பேர். அவர் வாழ்க்கை முழுக்க நம்பி வந்த ஒன்றை யாரோ ஒரு சின்னப் பெண் ஆமாம் என்று சொன்ன மாதிரி இருந்தது.

படுக்கையறையைப் பதிவறை ஆக்கினார்கள். அலமாரிக் கதவுகளைத் திறந்து போர்வைகளைத் தொங்கவிட்டார். மகள் நல்ல மைக் ஒன்று அனுப்பினாள். கீழே ஒரு வெல்டிங் பட்டறை, அது ஓயும் நாள் ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான். ஆகவே முதல் பதிவு ஒரு ஞாயிறு காலையில். அப்போது பார்த்து டிஸ்க் மேஜைமேல் ர்ர்ர் என்று ஓடிக்கொண்டிருந்தது. மைக் எப்படி எடுக்கிறது என்று பார்க்க அவள் பட்டனை அழுத்தினாள். அவர் அவளுடைய தோளுக்குமேல் குனிந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். போட்டுக் கேட்டபோது டிஸ்க்கின் இரைச்சலும் அவருடைய மூச்சும்தான் பெரிதாக விழுந்திருந்தன, நடுவில் அவளுடைய அதட்டல். சரி, இந்தப் பேக்கப் முடியட்டும், அதற்கப்புறம் ஆரம்பிக்கலாம் என்றார். அது முடிந்ததும் டிஸ்க்கைக் கழற்றி, டவலில் சுற்றி, பரண்மேல் போட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அவளுக்கே போயின. ஃபேனை நிறுத்திவிட்டு, வியர்த்து வழிய, பயிற்சிப் பெண் கொடுத்த வாக்கியங்களைப் படிப்பாள். ஜன்னலைத் திற. எனக்கு வலிக்கிறது. நாளைக்கு வருகிறேன். குரல் கரகரத்ததுதான், இருந்தாலும் அவளுடையதேதான். இதெல்லாம் யாரோ பேசுகிற மாதிரி இருக்கிறது என்று சொல்லி, தன் பங்குக்கும் நிறையச் சேர்த்தாள். மகளைக் கூப்பிடும் செல்லப்பெயர், வீட்டுக்காரரைத் திட்டும் திட்டு, கடையில் சொல்லும் அந்த நீலச் சட்டை அறிவிப்பு. ஒரு நாள் தனியாகச் சிரித்துக்கூடப் பதிவு செய்தாள். "பேசுறதுக்கு மெஷின் இருக்கும். சிரிக்கிறதுக்கு என்ன பண்றது? அதுவும் இருக்கட்டும்" என்றாள். ஃபேனை நிறுத்த மறந்துபோகிறது என்று கம்ப்யூட்டர் திரைக்குள்ளேயே ஓரமாக மஞ்சள் குறிப்பு ஒன்றை டைப் செய்து வைத்திருந்தாள், பெரிய எழுத்தில்: ஃபேன்.

அந்த வாரங்களில் ஸ்பேர்காரருக்குப் பேக்கப் ஞாபகமே வரவில்லை என்று சொல்லமுடியாது. வந்தது. டிஸ்க் ஓடினால் பதிவு கெடும், வாரநாளில் ஆஸ்பத்திரிக்கும் வேலைக்குமாக அலைச்சல். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார். தன் ஆயுளிலேயே அவர் அப்புறம் என்று தள்ளிப்போட்டது அது ஒன்றைத்தான். அதுவும் அவளுக்காக.

அறுவை நல்லபடியாக முடிந்தது. கழுத்தில் ஒரு துளையோடு அவள் வீட்டுக்கு வந்தாள். குழந்தைகள் எழுதி அழிக்கும் பிளாஸ்டிக் சிலேட் ஒன்றை மகள் வாங்கிக் கொடுத்துவிட்டு ஊருக்குத் திரும்பினாள். வீடு அடங்கிக் கிடந்தது. அவளும் பேசவில்லை, அவருக்கும் பேசிப் பழக்கமில்லை. வீட்டுக்காரர் வந்து குழாய் விஷயமாக ஏதோ சொன்னபோது, ஸ்பேர்காரர் திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் சிலேட்டில் பெரிதாகக் கேள்விக்குறி போட்டுக் காட்டி, சத்தமில்லாமல் சிரித்தாள். இன்னும் சில நாள்தான், மெஷின் வந்துவிடும் என்று இருவரும் நாளை ஓட்டினார்கள்.

பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு போக வேண்டிய வாரமும் வந்தது. அதற்கு முன்னால் கம்ப்யூட்டரை ஒழுங்குபடுத்தி வைப்போமே என்று, பல வாரமாகத் தேங்கிக் கிடந்த அப்டேட்டை ஒரு மத்தியானம் ஓடவிட்டார். பாதியில் கரண்ட் போயிற்று. திரும்பி வந்தபோது வழக்கமான திரை இல்லை. கறுப்பில் வெள்ளை எழுத்துகள், பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்டுக்கொண்டு ஒரு கோடு மின்னிக்கொண்டிருந்தது.

மகளுக்குப் போன் போட்டார். அவள் ஒவ்வொன்றாக அடிக்கச் சொல்லி, வந்ததைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு சொன்னாள்: "உள்ள எல்லாம் பத்திரமா இருக்குப்பா. அம்மா ஃபைல் அப்படியே இருக்கு. திரையில படம் காட்டுற பகுதி மட்டும்தான் போயிருக்கு. சனிக்கிழமை நான் வந்து பாத்துக்கறேன். அதுவரைக்கும் நீங்க எதையும் தொடாதீங்க."

அந்தக் கடைசி வார்த்தைதான் அவருக்குச் சுருக்கென்று தைத்தது. யாரைப் பார்த்துத் தொடாதே என்கிறாள்? அதே நேரம் மனைவி சிலேட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். என் குரலக் கேக்கணும் போல இருக்கு, என்று எழுதியிருந்தாள். அறுவைக்குப் பின் அவள் அதைக் கேட்கவே இல்லை. கேட்டால் அழுகை வரும், அழுதால் புண் இழுக்கும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை வரை பொறுத்துக்கொள் என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவளும் பொறுத்துக்கொண்டிருப்பாள். ஆனால் பரண்மேல் டவலுக்குள் டிஸ்க் இருக்கிறதே. எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளின் கேலிக்கு ஒரு பதில் இருக்கிறதே.

"இப்பவே கேக்கலாம். உக்காரு" என்றார்.

பரணிலிருந்து டிஸ்க்கை இறக்கி மாட்டினார். இப்படியொரு நாளுக்கென்று லினக்ஸ் ஏற்றித் தயார் செய்து வைத்திருந்த பென்டிரைவையும் மாட்டி, அதிலிருந்து கம்ப்யூட்டரைக் கிளப்பினார். அதிலும் இரண்டு வைத்திருந்தார் என்று சொல்லவும் வேண்டுமா. மென்பொருள் திறந்தது. டிஸ்க்கில் இருந்த நகல்களை வரிசையாகக் காட்டியது. கடைசியாக எடுத்ததைத் தேர்ந்தெடுத்தார். அதன் பக்கத்தில் தேதி இருந்தது. அது எந்த ஞாயிறு என்று நின்று யோசித்திருந்தால் அவருக்குத் தெரிந்திருக்கும். கண் பார்த்தது, மனதில் ஏறவில்லை. எல்லாம் இதில் இருக்கிறது என்று வாராவாரம் சொல்லிச் சொல்லி அவரே அதை முழுசாக நம்பிப்போயிருந்தார். இந்த நாளுக்குப் பின் வந்தவை எல்லாம் நீக்கப்படும், தொடரவா என்று மென்பொருள் கேட்டது. லிஃப்ட்டில் ஒரு திருகைக்கூட இரண்டு முறை பார்க்காமல் முடுக்காத மனிதர், ஒரே தட்டில் ஆமாம் என்றார்.

டிஸ்க் ர்ர்ர் என்று இழுத்தது. திரையில் வரிகள் மளமளவென்று ஓடின. அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு, மனைவியைப் பார்த்தார். பாத்துக்கிட்டே இரு, போன மாதிரியே திரும்பி வந்துடும் என்றார். அந்த ஒரு மத்தியானம் அவர் சந்தோஷமாக இருந்தார். அதையும் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

கம்ப்யூட்டர் திரும்பி எழுந்தது. பழைய திரை, பழைய படம், ஒரு குறையுமில்லை. அவர் மேஜையைத் தட்டினார். அவள்தான் முதலில் பார்த்தாள். எழுந்து வந்து, திரையின் ஓரத்தில் வெறுமையாக இருந்த ஒரு இடத்தில் விரலை வைத்தாள். அவருக்குப் புரியவில்லை. அவள் விரலை எடுக்காமல், தலையைத் திருப்பி, ஓடாமல் நின்ற ஃபேனைப் பார்த்தாள். மஞ்சள் குறிப்பு இல்லை.

அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. பதிவுகள் இருந்த ஃபோல்டரைத் திறந்தார். ஒரே ஒரு ஃபைல் இருந்தது. அதை மூடினார், மறுபடி திறந்தார். குப்பைத்தொட்டியில் பார்த்தார், தேடும் கட்டத்தில் அடித்துப் பார்த்தார், டிஸ்க்கில் உள்ளே போய்ப் பார்த்தார். எல்லா இடத்திலும் அந்த ஒன்றுதான். வேறு என்ன செய்வதென்று தெரியாமல் அதை ஓடவிட்டார். ர்ர்ர் என்று இரைச்சல். நடுவில் அவளுடைய குரல்:

"ஏங்க, அந்த டிஸ்க்க நிறுத்துங்க, சத்தமெல்லாம் விழுது. கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

அவ்வளவுதான். பேக்கப் கடைசியாக ஓடிய அந்தக் காலையில், சிஸ்டத்தை முடித்து வீட்டாருடைய ஃபைல்களுக்கு அது வந்தபோது, அங்கே இருந்த ஒரே பதிவு அதுதான். அதை விசுவாசமாகக் காப்பாற்றி வைத்திருந்தது. அதற்குப் பின் வந்ததையெல்லாம், அவர் ஆமாம் என்று சொன்னபடியே, துடைத்துப் போட்டுவிட்டது.

அவள் வாயைத் திறந்தாள். முகம் முழுக்க அழுதது, தோள் குலுங்கியது. சத்தம் வரவில்லை. கழுத்துத் துளையில் காற்று மட்டும் புஸ் புஸ் என்று வந்துபோயிற்று. அந்தக் காற்றுச் சத்தத்தை விடக் கொடுமையான எதையும் அவர் வாழ்க்கையில் கேட்டதில்லை.

சனிக்கிழமை மகள் வந்தாள். முதல் வேலையாகக் கம்ப்யூட்டரைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனாள். அழிந்ததை மீட்கும் கடைக்காரர் ஒரு நாள் வைத்துப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். உள்ளே இருப்பது சுழலாத புதுவகை டிஸ்க், அழித்த இடத்தை அதுவே கழுவி வைத்துவிடும், ஒன்றும் மிச்சமில்லை என்றார். ஆஸ்பத்திரிப் பெண்ணிடம் போனார்கள். மகளுடைய போனில் அம்மாவின் குரல் துண்டு துண்டாகக் கொஞ்சம் இருந்தது. பஸ் இரைச்சலும் கடைச் சத்தமுமாக இருந்த அதைக் கேட்டுவிட்டு அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். இதை வைத்து ஒரு குரலை உருவாக்க முடியாது, துண்டுகளை அப்படியே வேண்டுமானால் பயன்படுத்திக்கொள்ளலாம் என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் மகள் மென்பொருளைத் திறந்து பார்த்தாள். பழைய டிக் அப்படியே இருந்தது. அதை அப்பாவுக்குக் காட்டினாள்.

"இந்த ஒரு டிக் போடாம விட்டிருந்தீங்கன்னா சிஸ்டம் மட்டும் திரும்பியிருக்கும்பா. அம்மாவோட ஃபைல் எதையும் அது தொட்டிருக்காது."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். சுவரோரம் சாய்ந்து நின்ற மனைவியும் கேட்டுக்கொண்டிருந்தாள். வாயைத் திறக்கத் தெரியாத மனிதர், திறக்கவே கூடாத நேரத்தில் திறந்தார்.

"அவதானே டிஸ்க்க நிறுத்தச் சொன்னா" என்றார்.

சொன்ன மாத்திரத்தில் அவருக்கே தூக்கிவாரிப் போட்டது. வார்த்தையைப் பிடித்து உள்ளே போட்டுக்கொள்ள ஒரு வழி இருந்திருந்தால் அப்போதே செய்திருப்பார். மகள் எழுந்து வெளியே போய்விட்டாள். மனைவி சிலேட்டை எடுத்தாள். எழுதப்போகிறாள் என்று அவர் காத்திருந்தார். அவள் அதைக் கவிழ்த்து மேஜைமேல் வைத்துவிட்டு உள்ளே போனாள். அதன்பின் மகளுக்கு எழுதினாள், பக்கத்து வீட்டுக்காரிக்கு எழுதினாள், குழாய் ரிப்பேர்காரனுக்குக்கூட எழுதிக் காட்டினாள். அவருக்கு ஒரு எழுத்துக்கூட எழுதவில்லை. ஒரு நாள் சமையலறை வாசலில் நின்றுகொண்டு, "திட்டியாவது எழுதேன்" என்று கெஞ்சினார். அவள் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள், துடைத்து முடித்தாள்.

மகள் ஊருக்குப் போகுமுன் அம்மாவுக்கு ஒரு டேப்லெட் வாங்கிக் கொடுத்தாள். எதை டைப் செய்தாலும் அது படித்துச் சொல்லும், ஆனால் யாரோ ஒரு பெண்ணின் குரலில், ரயில் வரும் நேரத்தை அறிவிக்கிற மாதிரி. அதற்குப் பக்கத்தில் கட்டம் கட்டமாகச் சில பட்டன்கள். போனில் கிடைத்த துண்டுகளை மகள் ஒவ்வொரு கட்டத்திலும் போட்டுவைத்தாள். ஒன்றைத் தொட்டால் 'சாப்பிட்டியாடி?' என்று கேட்கும், இன்னொன்றில் 'வந்துட்டேன் வந்துட்டேன்'. மகள் போன் செய்தால் அவள் முதல் கட்டத்தை அழுத்துவாள். பக்கத்து வீட்டுக்காரி கதவைத் தட்டினால் இரண்டாவதை. கம்ப்யூட்டரில் மிஞ்சிய அந்த ஒரு பதிவை எந்தக் கட்டத்தில் போடுவதென்று மகள் தயங்கினாளாம். அம்மாதான் கடைசி வரிசையில், தனியாக, ஒரு கட்டத்தைக் காட்டினாளாம்.

ஸ்பேர்காரர் வேலைக்குப் போகிறார், வருகிறார். லிஃப்ட்டுகள் ஒழுங்காக ஓடுகின்றன. பையில் இன்னும் எல்லாம் இரண்டு இரண்டுதான், ஆனால் அண்ணியைப் பற்றி இப்போது யாரும் கேலி பேசுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் டேப்லெட்டைக் கேட்டு வாங்கி, அதிலுள்ள துண்டுகளைக் கம்ப்யூட்டரில் ஒன்று, டிஸ்க்கில் ஒன்று, மகளுக்கு ஒன்று என்று நகல் எடுக்கிறார். அவரைத் தள்ளி நிற்கச் சொல்லும் அந்தத் துண்டையும் சேர்த்துத்தான். எடுத்து முடித்தபின் எந்த வசனமும் சொல்வதில்லை.

மாலையில் மருந்தும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு அவளிடம் போவார். கட்டிலருகே வரும்போதே அவள் கடைசி வரிசைக் கட்டத்தைத் தொடுவாள். முதலில் ர்ர்ர் என்று டிஸ்க்கின் இரைச்சல், அவருடைய மூச்சு, அப்புறம் அந்தக் குரல். கொஞ்சம் தள்ளி நில்லுங்க. அவர் மருந்தை ஸ்டூலில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்பார். அவள் மாத்திரையை விழுங்கிவிட்டு, அவர் பக்கம் பார்க்காமல், டேப்லெட்டைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டு, அதே கட்டத்தை மறுபடி அழுத்துவாள். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவையும் அழுத்துவாள். ஒவ்வொரு தடவைக்கும் அவர் இன்னும் கொஞ்சம் தள்ளி நிற்பார், சுவர் வரும்வரை.